நாற்பது பச்சை வாக்கியங்கள்

என் தங்கை வைஷ்ணவியின் குரல் பள்ளிக்கூடத்து லேப்டாப்பில் இருக்கிறது என்று அம்மாவுக்கு ஏப்ரல் முதல் வாரத்தில்தான் தெரிந்தது. வைஷ்ணவி இறந்து அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது.

அம்மா ரேஷன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஐந்தாம் வகுப்பு இசைவாணி டீச்சர் வழியில் பார்த்துப் பேசியிருக்கிறார். இந்த மாதத்தோடு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பெயரையெல்லாம் கிளி ஆப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள், முப்பதாம் தேதிக்குப் பிறகு எதுவும் இருக்காது, உங்கள் பிள்ளை வாசித்ததைக் கேட்க வேண்டுமென்றால் சனிக்கிழமை வாருங்கள், மெமரி கார்டில் போட்டும் தருகிறேன் என்று சொன்னாராம். அம்மா அரிசிப் பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தாள். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"வனிதா, வைசு பேசுனது இருக்காம்டி" என்றாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, உரித்த வெங்காயத்தையே எடுத்து மறுபடியும் உரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு நடந்ததை நினைக்கும்போது அந்தச் சந்தோஷம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

கிளி என்பது போனில் போட்டுக்கொள்கிற ஒரு ஆப். போன வருஷம் ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். திறந்தால் பச்சைக் கிளி ஒன்று வந்து உட்காரும். ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைக் காட்டி, அதைத் தானே ஒருமுறை வாசித்தும் காட்டும். பிறகு பிள்ளை மைக்கைத் தொட்டுக்கொண்டு வாசிக்க வேண்டும். சரியாகச் சொன்ன வார்த்தை பச்சையாகும். அரைகுறையாகச் சொன்னது மஞ்சள். தப்பென்றால் சிவப்பு. கடைசியில் நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போடும். தினமும் ஒரு வாக்கியமாவது வாசித்தால் ஒரு செடியில் ஒரு பூ பூக்கும். ஒரு நாள் விட்டுவிட்டால் அத்தனை பூவும் கொட்டிச் செடி மொட்டையாகிவிடும்.

எங்கள் வீடு திருவரங்குளத்திலிருந்து மினி பஸ்ஸில் உள்ளே போக வேண்டும். அப்பா ஆண்டியப்பன் தைலமரம் வெட்டப் போகிறவர். அவரிடம் இருப்பது பட்டன் போன். வீட்டிலிருந்த ஒரே டச் போன் அம்மாவுடையது. வைஷ்ணவி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அந்தப் போனை எடுத்துக்கொண்டு கொல்லையில் துவைக்கிற கல்மேல் ஏறிவிடுவாள். ஒரே வாக்கியத்தைப் பத்துத் தடவை சொல்லுவாள். அம்மாவுக்கு அது பெரிய வேடிக்கை. "ஒங் கிளிக்குக் கோவப்பழம் பறிச்சு வைக்கவாடி" என்று கேட்பாள். மொத்தம் நாற்பது வாக்கியங்கள். அதற்கு மேலே பூட்டுப் போட்டிருந்தது. அந்த நாற்பதையும் வைஷ்ணவி அக்டோபரிலேயே முடித்துவிட்டாள். மார்க் அறுபது, எழுபது என்றுதான் இருக்கும். இருந்தாலும் பூவுக்காகத் திரும்பத் திரும்ப அதையே வாசிப்பாள்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்பதில் இங்கிலீஷ் சார் என்னை எழுப்பி ஒரு பாடத்தை வாசிக்கச் சொன்னார். நாலாவது வரியில் ஒரு வார்த்தை வாயில் நுழையவில்லை. பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள், சாரும் சிரித்தார். அன்றிலிருந்து வகுப்பில் நான் வாயைத் திறக்கவில்லை. பத்தாவது பரீட்சையில் இங்கிலீஷ் மட்டும் போயிற்று. மறுபடி எழுதச் சொன்னார்கள், நான் போகவில்லை. வீட்டிலும் எனக்குப் பேச்சு குறைந்துவிட்டது. அதனால்தான் வைஷ்ணவி கல்மேல் உட்கார்ந்து கூச்சமில்லாமல் கத்தி வாசிப்பதைப் பாத்திரம் கழுவுகிற சாக்கில் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நவம்பர் கடைசியில் நல்ல மழை. அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டெங்கு என்றார்கள். படுக்கையில் கிடந்தபடி சாயங்காலம் போனைக் கேட்டாள். எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை.

"அக்கா, நீ வாசிச்சு விடேன். இல்லாட்டி எல்லாப் பூவும் கொட்டிரும்" என்றாள். அன்றைக்கு நூற்று மூன்று பூ இருந்தது.

நான் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து மெதுவாக வாசித்தேன். எல்லாம் சிவப்பு. மறுபடி வாசித்தேன், அதுவும் சிவப்பு. அது சின்னப் பிள்ளைகளின் குரலுக்கென்று செய்தது, என் குரல் அதற்குப் பிடிபடவில்லை. பிறகு வைஷ்ணவி மாதிரியே குரலை மெலிதாக்கி, அவளைப் போலவே கடைசி வார்த்தையை இழுத்துச் சொல்லிப் பார்த்தேன். பச்சையாக மாறியது. கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"கிளி ஏமாந்துருச்சுக்கா" என்றாள்.

இரண்டு நாள் கழித்து அவள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த நல்லதம்பி மாமா, அவள் துணி, பை, செருப்பு எதையும் வீட்டில் வைக்கக் கூடாது, வைத்தால் பெற்றவளுக்கு மனசு ஆறாது என்று சொல்லி எல்லாவற்றையும் எடுத்துப்போகச் செய்தார். ஆனால் போனில் அவள் வீடியோ மூன்று இருந்தது. ஊர்த் திருவிழாவில் பஞ்சுமிட்டாய் தின்கிறது ஒன்று, ஆட்டுக்குட்டியோடு பேசுகிறது ஒன்று, அம்மாவைச் சும்மா கிண்டல் செய்கிறது ஒன்று. அம்மா சோறு தண்ணி இல்லாமல் அதையே போட்டுப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒருநாள் அப்பா, டிஸ்பிளே மங்கலாக இருக்கிறது என்று போனைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது வீடியோ, போட்டோ எதுவும் இல்லை. கடையில் சொல்லி அழித்துவிட்டார். மாமா சொல்லித்தான் செய்தார். அம்மா நல்லாயிருக்க வேண்டும் என்றுதான் செய்தார்.

அம்மா கத்தவில்லை. அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். "வனிதா, ஒங்கப்பாவச் சாப்பிடச் சொல்லு" என்பாள். அவர் எதிரிலேயே இருப்பார். நான் போய், "சாப்பிடுங்கப்பா" என்பேன். வீட்டில் பேச்சே வராதவள் நான்தான், இருவருக்கும் நடுவில் பேச்சைச் சுமந்துகொண்டிருந்தேன்.

கடைக்காரர் கிளியை அழிக்கவில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் ஒரு சத்தம் கொடுக்கும். வைஷ்ணவி, கிளி காத்திருக்கிறது என்று இங்கிலீஷில் வரும். அம்மாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது, ஏதோ கம்பெனிக்காரன் மெசேஜ் என்று நினைத்தாள். நான்தான் போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவேன். ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது, விட மனம் வரவில்லை. செடி மொட்டையாகிவிட்டால் அவள் சொன்ன கடைசி வேலையையும் செய்யாமல் விட்டவளாவேன் என்று இருந்தது. துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து, அவள் குரலில், அவள் வாசித்த அதே நாற்பது வாக்கியங்களையும் சுற்றிச் சுற்றி வாசித்தேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். நாள் போகப் போக எனக்கு அது பிடித்துப்போயிற்று. கிளி சிரிக்கவில்லை. தப்பாகச் சொன்னால் பேசாமல் சிவப்பைக் காட்டும், மறுபடி சொல்ல விடும். ஒன்பதாம் வகுப்பில் வாயில் நுழையாத வார்த்தைகள் ஜனவரியில் நுழைந்தன. வைஷ்ணவியின் எழுபது என் வாயில் எண்பத்தைந்து ஆயிற்று, பிறகு தொண்ணூற்றிரண்டு. மார்க் கூடும்போதெல்லாம் கிளி சிறகை அடித்துக்கொண்டு, "சூப்பர், வைஷ்ணவி" என்று கூவும். அந்தப் பெயரை வீட்டில் வேறு யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அதைக் கேட்பதற்காகவே இன்னும் நன்றாக வாசிப்பேன். நாற்பதும் பச்சையானது மார்ச்சில்.

அந்தச் சனிக்கிழமை அம்மா காலையிலேயே தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டாள். நானும் கூடப் போனேன். பள்ளிக்கூடம் விடுமுறை. டீச்சர் மட்டும் வந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். முன்னால் இருந்த டீச்சர் பிரசவ விடுப்பில் போனதால் ஜனவரியில் இந்த ஊருக்கு வந்தவர் இவர். வைஷ்ணவியைப் பார்த்ததே இல்லை. குட்டைப் பெஞ்சில் எங்களை உட்காரச் சொல்லி, லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். வைஷ்ணவி பெயருக்குக் கீழே வரிசையாக நாற்பது வாக்கியங்கள். எல்லாம் பச்சை.

"இந்தக் கிளாஸ்ல வேற யாருக்குமே இப்படி இல்லம்மா" என்றார் டீச்சர். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் வாக்கியத்தைத் தொட்டார். 'திஸ் இஸ் மை ஹவுஸ்.'

அது என் குரல்.

எனக்கு உடனே புரியவில்லை. முதல் வாக்கியத்தில் ஏதோ தவறி என்னுடையது வந்துவிட்டது, அடுத்தது அவளுடையதாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்ததும் என்னுடையது. மூன்றாவதும். டீச்சர் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே, அம்மாவுக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று விளக்கிச் சொன்னார். எத்தனை தடவை வாசித்தாலும் எதற்கு நல்ல மார்க்கோ அதை மட்டும்தான் இது வைத்துக்கொள்ளும், குறைந்தது தானாகப் போய்விடும், இங்கே இருப்பதெல்லாம் உங்கள் பிள்ளை வாசித்ததிலேயே சிறந்தது என்றார். போனில் பூவும் மார்க்கும் மட்டும்தான் தெரியும், குரலைத் திருப்பிக் கேட்க முடியாது. அதனால் நாலு மாதமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அந்தப் பெஞ்சில்தான் எனக்குத் தெரிந்தது. மார்க் ஒவ்வொரு தடவை கூடியபோதும் அவள் குரல் ஒவ்வொன்றாகப் போயிருக்கிறது. கிளி சிறகடித்தது அதற்குத்தான்.

சொல்லிவிட வேண்டும் என்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நாலு மாதமாக அவள் அழுத அழுகை வேறு. இது அப்படி இல்லை. "எங் கண்ணு, எப்புடி வாசிக்குது பாரு" என்று என்னிடமே காட்டினாள். இங்கிலீஷ் தெரியாத அவளுக்கு அந்த வாக்கியங்களில் தெரிந்தது வைஷ்ணவியின் இழுப்பு மட்டும்தான். அதை நான் அச்சாக அப்படியே செய்திருந்தேன். என் வாய் திறக்கவில்லை.

நாற்பது வரிக்கும் கீழே தனியாக ஒரு பெட்டி இருந்தது. அதில் ஒன்று என்று போட்டிருந்தது. டீச்சர் அதைக் காட்டி, இது கிளிக்குப் புரியாதது, பின்னால் ஏதாவது சத்தம் கலந்துவிட்டால் மார்க் போடாமல் டீச்சர் கேட்பதற்கென்று ஒதுக்கி வைக்கும், வெறும் இரைச்சலாகத்தான் இருக்கும், அது வேண்டாம் என்று சொல்லிவிட்டு மற்ற நாற்பதையும் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் அம்மா பல மாதங்களுக்குப் பிறகு குழம்பு வைத்து, தானும் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள். சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை அத்தையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் போட்டுக் காட்டினாள். ஆறு மணிக்கு வழக்கம்போலக் கிளி சத்தம் கொடுத்தது. நான் போனைக் கேட்கவில்லை. மறுநாள் பார்த்தபோது செடியில் ஒரு பூகூட இல்லை.

நாற்பது வாக்கியங்களும் ஓடி முடிய ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அம்மா காலையில் ஒரு தடவை, அடுப்பு வேலை முடிந்து ஒரு தடவை, விளக்கு வைத்ததும் ஒரு தடவை என்று போடுவாள். போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். நான் அந்த நேரங்களில் கொல்லைக்குப் போய்விடுவேன். வீட்டுக்குள் பேசுவதையும் விட்டுவிட்டேன். என்ன கேட்டாலும் தலையாட்டினேன். ஒரு வார்த்தை பேசினாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயம்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அப்பா வேலை முடிந்து வந்து, வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கோடரியைக் கீழே வைக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வாக்கியம் போன பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இது வனிதா கொரலு மாதிரியில்ல இருக்கு."

அம்மா கண்ணைத் திறந்தாள். டிசம்பருக்குப் பிறகு முதல் தடவையாக அவரைப் பார்த்துப் பேசினாள்.

"ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதானே, அப்புடித்தான் இருக்கும். நீங்க அழிச்சது போதும். இதையும் அழிக்காதீங்க."

அப்பா கோடரியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குளிக்கப் போனார். அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் சாப்பிடும்போது என்னைப் பார்ப்பார். நான் குனிந்துகொள்வேன். அவர் ஒரே நாளில் ஒரு கடையில் போய் அழித்தார். தெரிந்து அழித்தார், அதற்கான தண்டனையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒவ்வொரு நாளும் மார்க் வாங்கி வாங்கி அழித்துவிட்டுப் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், இதில் யாருக்கு என்ன கெடுதல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபத்தேழாம் தேதி காலையில் அம்மா எனக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தாள். போன் மடியில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"அவ எப்புடிப் பேசுவான்னு எனக்கு மறந்துக்கிட்டே வந்துச்சுடி. ராவும் பகலும் நெனச்சுப் பாத்தாலும் வரமாட்டேங்கும். அந்தப் பயத்துலதான் அப்புடிக் கெடந்தேன். இப்பக் கண்ண மூடுனா இந்தக் கொரலுதான் வருது. இனி மறக்காது."

சீப்பு என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. கிளியில் இருந்ததை அழித்தது போதாதென்று, அம்மாவின் நினைவில் மிச்சமிருந்ததையும் அழித்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது பட்டது. முப்பதாம் தேதிக்கு மூன்று நாள்தான் இருந்தது. அந்தப் பெட்டியில் ஒன்று மட்டும் இருந்ததே என்று நினைவு வந்தது. கிளிக்குப் புரியாத ஒன்று. மார்க் இல்லாததால் அதன்மேல் என்னுடையது ஏறியிருக்க முடியாது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போனேன். வாசல்வரை போய் இரண்டு தடவை திரும்பிவிட்டேன். டீச்சரிடம் வாயால் சொல்ல முடியாது என்று தெரியும். அதனால் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். 'வைஷ்ணவி பெயரில் கீழே தனியாக இருப்பதை ஒரு தடவை கேட்க வேண்டும்.' அதை நீட்டினேன். டீச்சர் வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். லேப்டாப்பை எடுத்து அதைத் தொட்டார்.

ஒரு சேவல் கூவியது. பிறகு அவள் குரல் வந்தது. இரண்டே வார்த்தை கேட்டதும் நான் கையை நீட்டி நிறுத்திவிட்டேன். அம்மாவுக்கு முன்னால் நான் கேட்கக் கூடாது என்று தோன்றியது.

டீச்சர் மேலே இருந்த நாற்பதின் தேதிகளைப் பார்த்தார். "அப்ப அந்த நாப்பதும் யாரு?" என்று கேட்டார்.

"நான் டீச்சர்" என்றேன். ஒரு டீச்சரிடம் நான் பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவர் திட்டவில்லை. தான் தேதியைக்கூடப் பார்க்காமல் காட்டிவிட்டேன் என்று தன்னைத்தான் நொந்துகொண்டார். பிறகு என்னை உட்காரவைத்துச் சொன்னார். "யோசிச்சுக்க வனிதா. இதக் குடுத்தா அவங்களுக்கே வித்தியாசம் தெரிஞ்சிரும். அப்புறம் அந்த நாப்பதும் அவங்களுக்கு இல்லாமப் போயிரும். இது வெறும் அரை நிமிஷம்தான்."

அம்மா போனிலிருந்து கழற்றி எடுத்து வந்திருந்த மெமரி கார்டை நீட்டினேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். கார்டைப் போனில் திரும்பப் போட்டு, கீழே வைத்துத் தொட்டேன்.

சேவல் கூவியது. பின்னால் ஏதோ பாத்திரம் உருண்டது. அதோடு சேர்ந்து, 'மை மதர் குக்ஸ்' என்று வைஷ்ணவி ஆரம்பித்தாள். அதற்குள் தூரத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏன்டி, கோழிய அடைச்சியா இல்லையா?"

"அம்மா, கொஞ்ச நேரம் சும்மா இரும்மா. கிளி கேட்டுக்கிட்டிருக்கு. நீ பேசுறதையும் நான் பேசுறேன்னு நெனச்சுக்கிரும்."

"நெனச்சா நெனைக்கட்டும். ஒங் கிளிய வந்து கோழிய அடைக்கச் சொல்லு."

வைஷ்ணவி சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நடுநடுவே விக்கல் மாதிரி வரும் அவள் சிரிப்பு. நான் அதை மறந்தே போயிருந்தேன். என் நாற்பதில் எங்கேயும் அந்தச் சிரிப்பு இல்லை. "போம்மா, எல்லாம் செவப்பாப் போச்சு" என்றாள். அதோடு நின்றுவிட்டது.

அம்மாவின் கையில் கீரைக் காம்பு அப்படியே இருந்தது. அவள் அழவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தானே இன்னொரு தடவை தொட்டுக் கேட்டாள். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது வைசு" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்ப அது?"

"நான்தாம்மா" என்றேன். ஆஸ்பத்திரியில் வைஷ்ணவி பூவுக்காகக் கேட்டது, மாடிப்படியில் அவளைப் போலவே வாசித்தது, பிறகு தினமும் கொல்லையில் வாசித்தது எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. முடித்த பிறகு அம்மா கேட்டாள்.

"அவ வாசிச்சது எங்கடி?"

"நான் நல்லா வாசிக்க வாசிக்க அவளோடது போயிருச்சும்மா. எனக்குத் தெரியாது."

"எல்லாமா?"

"எல்லாம்."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீரையை முறத்தோடு ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். கீரையை நான் ஆய்ந்து முடித்தேன்.

அப்பா வந்ததும் அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "இங்கிட்டு வாங்க. வந்து கேளுங்க." என்னைத் தூது அனுப்பவில்லை, அவளே கூப்பிட்டாள். இருவரும் தரையில் உட்கார்ந்து அந்த அரை நிமிஷத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அப்பா துண்டை எடுத்து முகத்தை முழுவதும் மூடிக்கொண்டார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போகலாமா என்று தெரியவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

முப்பதாம் தேதி தாண்டி ஒருநாள் கிளியைத் திறந்தேன். பெயர் கேட்டது. வைஷ்ணவி என்று அடித்தேன். அப்படி யாரும் இல்லை என்று வந்தது. ஆறு மணிச் சத்தமும் நின்றுவிட்டது.

அம்மா இப்போது தினமும் விளக்கு வைத்த பிறகு ஒரே ஒரு தடவைதான் போட்டுக் கேட்கிறாள். அதிகம் போட்டால் தேய்ந்துவிடும் என்பதுபோல் ஒரே தடவை. சோறு பழையபடி பாதித் தட்டாகக் குறைந்துவிட்டது. அப்பாவோடு பேசுகிறாள். என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். கோபம் என்று சொல்ல முடியாது. நான் எதிரில் வந்தால், எதையோ எடுக்க வந்து மறந்தவள் போல ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறாள்.

போன வாரம் ஒருநாள் மத்தியானம். நான் கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து, 'திஸ் இஸ் மை ஹவுஸ்' என்று கேட்டது. கை தவறிப் பட்டிருக்கும், நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. இரண்டாவது ஓடியது. மூன்றாவது ஓடியது. நான் தண்ணீரைத் திறக்காமல், சட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றேன். நாற்பதும் ஓடி முடிந்தது.

"வனிதா" என்று அம்மா கூப்பிட்டாள்.

"என்னம்மா?" என்றேன். என் குரல் எனக்கே தடிப்பாகக் கேட்டது.

ஈரக் கையோடு வாசற்படிவரை போனேன். அவள் சுவரில் சாய்ந்து, போனை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "கூப்பிட்டுப் பாத்தேன். நீ போயி வேலயப் பாரு."